மலைக்காடும் மரக்கணக்கும்

கடந்த மாரியின் தொடக்கத்தில் புதுக்குடியிருப்பில் மரநடுகை விழா ஒன்று நடைபெற்றது. பந்தலிட்டு, மாவிலைத் தோரணங் கட்டி, மாணவரை வரிசையாக நிறுத்தியிருந்தனர். வெளியூரிலிருந்து வந்த பேச்சாளர் முழங்கினார்: “இலங்கையின் நிலப்பரப்பில் நூற்றுக்கு 29 பங்கு காடு உண்டு. அதனை 32 ஆக உயர்த்துவோம். ஒரு மரம் வீழ்ந்தால் பத்து மரம் நடுவோம்.” கூட்டம் கைதட்டியது. நாமும் தட்டினோம்.

வீடு திரும்பும் வழியிலேதான் அக்கைதட்டல் நம்மை உறுத்தத் தொடங்கிற்று. வீழ்ந்த மரம் எது, நடுகின்ற மரம் எது, எங்கே வீழ்ந்ததற்கு எங்கே நடுகிறோம் என்னும் கேள்விகளுக்கு அப்பேச்சில் இடமே இருக்கவில்லை. அன்று நம் மாணவர் நட்ட கன்றுகள் அனைத்தும் தேக்கு. பிறநாட்டிலிருந்து இத்தீவுக்குக் கொணரப்பட்ட மரம். அவ்விடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், யாரும் நடாமலே முளைத்து வளர்ந்த பாலையும் வீரையும் நின்றன. அவற்றை எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. காடு என்பது பரப்பாலும் தலைக்கணக்காலும் அளந்து முடிக்கத்தக்க பண்டம் என்ற எண்ணம் இன்று மேடைப் பேச்சாளர் முதல் பாடசாலை ஆசிரியர் வரை எல்லோரையும் பற்றியிருக்கிறது. இவ்வெண்ணம் பொய். இப்பொய்யால் முதலிற் கெடுவது மலைநாட்டுக் காடு. அடுத்துக் கெடுவோர் வன்னி மக்களாகிய நாம். இவ்விரண்டையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

“வன்னியிலே மலை ஏது? நந்திக்கடற் கரையில் இருந்துகொண்டு மலைக்காட்டைப் பற்றிப் பேச உமக்கென்ன உரிமை?” என்று கேட்பார் உளர். அவ்வுரிமையை நமக்கு அளித்தவன் நம் வகுப்பு மாணவன் ஒருவன். நுவரெலியாவுக்குப் பாடசாலைச் சுற்றுலா சென்றிருந்தபோது, வழியில் ஒரு பைனஸ் தோப்பருகே பேருந்து நின்றது. நெட்டநெடிய மரங்கள் படையணிபோல் வரிசையில் நின்றன. பிள்ளைகள் படம் எடுத்தனர். உடன்வந்த ஆசிரியர் ஒருவர், “எவ்வளவு அழகான காடு!” என வியந்தார். தகப்பனோடு தேனெடுக்கவும் பாலைப்பழம் பொறுக்கவும் காட்டுக்குப் போய்ப் பழகிய அம்மாணவன் சற்றுத் தூரம் உள்ளே நடந்து, திரும்பி வந்து கேட்டான்: “சேர், இதென்ன காடு? கீழ ஒரு பத்தையும் இல்ல, ஒரு குருவிச் சத்தமும் இல்ல. எல்லா மரமும் ஒரே வயசில நிக்குது.”

அவன் கண்டது முற்றிலும் உண்மை. அது காடன்று, பயிர். மத்திய அமெரிக்காவையும் கரீபியன் தீவுகளையும் பிறப்பிடமாகக் கொண்ட பைனஸை, மண் அரித்துக் கைவிடப்பட்ட தேயிலை நிலங்களிலும் புல்வெளிகளிலும் மலைநாடெங்கும் நட்டு வைத்தார்கள். உதிர்ந்த ஊசியிலைகள் நிலத்தை மெத்தைபோல் மூடுகின்றன, கோடையில் தீப்பற்றுகின்றன. வானத்திலிருந்து பார்ப்பவனுக்கு அதுவும் பச்சை, மலைக்காடும் பச்சை. காட்டுக்குள் நடந்து பழகிய சிறுவனுக்குத் தெரிந்த வேற்றுமை, பட்டம் பெற்ற ஆசிரியர்க்குத் தெரியவில்லை என்றால், நம் கல்வியைப் பற்றி வேறென்ன சொல்ல?

மலையிற் காடு எவ்வாறு அமைகிறது? இதனை அறிய நாம் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. வவுனியாவிலிருந்து கண்டி வீதியிற் செல்வோர், வானம் தெளிந்த நாளில் மரதன்கடவலைப் பகுதியைக் கடக்கும்போது கிழக்கே ஒரு தனிமலைத் திரளைக் காணலாம். அது ரிட்டிகல. உயரம் 766 மீற்றர் மட்டுமே. சுற்றிலும் நம் வன்னியைப் போன்ற வறள்நிலம். மலையடிவாரத்தில் நிற்கும் மரங்களும் நமக்குப் பழக்கமானவையே. பாலையும் வீரையும் அங்கே நம்மை உறவினரைப்போல் எதிர்கொள்கின்றன. பழந் துறவிமடத்தின் இடிபாடுகள் வரையே பார்வையாளர் செல்லலாம். அதற்கப்பாலுள்ள காடு 1941 முதல் கண்டிப்பான இயற்கை ஒதுக்கமாகக் காக்கப்படுகிறது. ஆனால் அனுமதி பெற்று மேலேறிய தாவரவியலாளர் எழுதி வைத்திருப்பவை வியப்புக்குரியன. ஏற ஏற அடிவாரத்து மரங்கள் ஒவ்வொன்றாக விடைபெறுகின்றன. உச்சியில் முகில் தவழ்கிறது. பாறையிலும் கிளையிலும் பாசி படர்கிறது. குறுகிய மரங்களின்மேல் ஓர்க்கிட் செடிகள் தொற்றியிருக்கின்றன. ஈரவலயத்துக்கும் மலைநாட்டுக்கும் உரிய செடிகள், வறள்நிலத்தின் நடுவே ஒரு தீவிற் போல அங்கே வாழ்கின்றன. உலகில் வேறெங்கும் இயற்கையாய்க் காணப்படாத செடியும் அவ்வுச்சியில் உண்டு.

இவ்வேற்றுமையை நம் முன்னோர் கண்டிருந்தனர். அநுமன் சஞ்சீவி மலையைச் சுமந்து வந்தபோது அதன் துண்டொன்று விழுந்து ரிட்டிகல ஆயிற்று என்பது அவ்வூர்க் கதை. கதை கற்பனைதான். ஆயினும் அதன் அடியில் ஓர் உண்மையான அவதானிப்பு உண்டு: மேலே உள்ள செடி கீழே இல்லை, அது ஏன் என்ற கேள்வியும் உண்டு. எழுத்தறியாத உழவன் கேட்ட கேள்வியை, எழுத்தறிந்த நாம் கேட்க மறந்தோம்.

விடையை விஞ்ஞானம் தருகிறது. மேலே செல்லச்செல்ல, ஒவ்வோர் ஆயிரம் மீற்றருக்கும் வெப்பம் ஏறத்தாழ ஆறு பாகை செல்சியஸ் குறைகிறது. நம் பகுதியின் ஆண்டுச் சராசரி வெப்பம் ஏறத்தாழ 28 பாகை; நுவரெலியாவில் ஏறத்தாழ 16. வெப்பம் மாறினால் நீர் ஆவியாகும் அளவு மாறும். முகில் படியும் உயரம் மாறும். காற்றின் வேகமும் மண்ணின் தன்மையும் மாறும். உச்சியை அணுக அணுக நிலப்பரப்புச் சுருங்குகிறது; ஓர் உச்சிக்கும் மற்றோர் உச்சிக்கும் இடையே பள்ளத்தாக்கு, கடல்போற் கிடக்கிறது. தனித்துவிடப்பட்ட செடியினம் நெடுங்காலப் போக்கில் தனி இனமாகவே மாறிவிடுகிறது. 1802 ஆம் ஆண்டு தென்னமெரிக்காவின் சிம்பொராசோ மலையில் ஏறிய ஹம்போல்ட் என்னும் ஜெர்மானிய அறிஞர், எந்த உயரத்தில் எந்தச் செடி வாழ்கிறது என்பதை மலையின் வெட்டுமுகப் படமொன்றிற் பெயர் பெயராக எழுதி 1807 இல் வெளியிட்டார். மலையேற்றம் என்பது நிலநடுக்கோட்டிலிருந்து துருவத்தை நோக்கிச் செல்லும் பயணத்தின் சுருக்கம் என்று அதன்பின் உலகம் கற்றுக்கொண்டது.

இங்கே ஒரு தவற்றைக் களைய வேண்டும். உயரம் கூடக்கூடச் செடியினங்கள் குறைந்துகொண்டே போகும் என்று பலர் எண்ணுகின்றனர். எல்லா மலைக்கும் அது பொருந்தாது. இமயத்தின் நேபாளச் சரிவுகளிற் பூக்குஞ் செடிகளின் இனத்தொகை அடிவாரத்திலன்றி, 1500 மீற்றருக்கும் 2500 மீற்றருக்கும் இடைப்பட்ட நடுச்சரிவிலேயே மிகுந்து காணப்படுகிறது. 4095 மீற்றர் உயரமான போர்ணியோவின் கினபாலு மலையிலும் நடுப்பகுதியே செழித்தது. கீழிருந்து ஏறி வந்தனவும் மேலிருந்து இறங்கி வந்தனவும் சந்திக்கும் இடம் அது. போதிய ஈரமும் அளவான வெப்பமும் உள்ள இடமும் அதுவே.

நம் இலங்கையில் நிலைமை சற்று வேறு. ஈரவலயத்தின் தாழ்நில மழைக்காட்டிலேயே மரவினங்கள் மிகுதி. சிங்கராஜ வனத்தில் 1993 ஆம் ஆண்டு பேராதனைப் பல்கலைக்கழக அறிஞர் முதலியோர் 25 ஹெக்டயர் நிலத்தை அளந்து, அதிலுள்ள ஒவ்வொரு மரத்துக்கும் இலக்கமிட்டனர். இருநூற்றுக்கு மேற்பட்ட மரவினங்கள் அச்சிறு நிலத்தில் நின்றன. சிங்கராஜ வனத்து மரவினங்களுள் நூற்றுக்கு 60 க்கு மேற்பட்டவை இலங்கைக்கே உரியவை. அங்கிருந்து மேலேறி ஏறத்தாழ 900 மீற்றரைக் கடந்தால் காட்டின் முகம் மாறத் தொடங்குகிறது. 1500 மீற்றருக்கு மேல் முற்றிலும் வேறாகிறது. வானளாவிய மரங்கள் மறைகின்றன. கவிந்த முடியும் சிறிய தடித்த இலையும் முறுகிய கிளையும் கொண்ட குறுமரங்கள் முகிலில் நனைந்து நிற்கின்றன. ஹோர்ட்டன் சமவெளியை அடைந்தால் ரொடொடென்ட்ரன் என்னும் செம்பூ மரத்தைக் காணலாம். அதன் உறவு மரங்கள் நீலகிரியிலும் இமயத்திலும் உள்ளன. இடைப்பட்ட சமவெளிகளில் இல்லை.

எண்ணிக்கை மேலே குறைகிறது, உண்மை. எனினும் எண்ணுவதற்கு இரண்டு முறைகள் உண்டு. எத்தனை இனம் என்று எண்ணுவது ஒன்று; வேறெங்கும் இல்லாத இனம் எத்தனை என்று எண்ணுவது மற்றொன்று. இரண்டாவது முறையில் எண்ணினால், செடியினம் குறைந்த மலையுச்சிதான் ஈடுசெய்ய முடியாத செல்வத்தின் உறைவிடம். ஸ்டெமனோபோரஸ் என்னும் மரக்குடும்பத்துக் கிளையை எடுத்துக்கொள்வோம். இருபதுக்கு மேற்பட்ட இனங்களை உடைய அக்கிளை இலங்கையையன்றி உலகில் வேறெந்த நாட்டிலும் இல்லை. அதில் ஓரினம் தாழ்நிலச் சதுப்பிலே வாழ்கிறது. வேறினங்கள் ஆயிரம் மீற்றருக்கு மேற்பட்ட சரிவுகளில் வாழ்கின்றன. பல இனங்களுக்குச் சொந்தம் ஒரு மலைச்சரிவே. அச்சரிவை அழித்தவன் ஓர் இனத்தை உலகிலிருந்தே அழித்தவனாகிறான். பத்தாயிரம் தேக்கை நட்டாலும் அவ்வினம் மீளாது. “ஒன்று வீழ்ந்தால் பத்து நடுவோம்” என்னும் முழக்கம் இங்கே நகைப்புக்கிடமாகிறது.

இனி, இம்மலைப் படிகளை அழித்தவர் யார் என்பதைப் பார்ப்போம். 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடு, தரிசு, பயிரிடப்படாத நிலம் ஆகிய யாவும் மறுதலை நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியவை என்று கூறிற்று. காட்டையும் தரிசையும் ஒரே வாக்கியத்தில், ஒரே தட்டில் வைத்த அந்தச் சட்டம்தான் இன்றைய மரக்கணக்கின் மூதாதை. கோப்பித் துரைமார் ஏக்கர் ஐந்து ஷில்லிங் விலைக்கும் மலைச்சரிவுகளை வாங்கினர். வெட்டினர், எரித்தனர், கோப்பியை நட்டனர். 1869 இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியைக் கொன்றது. இருநூறு இனங்கள் கூடிவாழ்ந்த இடத்தில் ஒரே இனத்தை நட்டவனுக்கு இயற்கை புகட்டிய பாடம் அது. பாடத்தை அவன் படிக்கவில்லை, தேயிலையை நட்டான். 1873 இல், இமயத் தாவரங்களை ஆராய்ந்த கியூ தோட்டத்து அதிபர் ஜோசப் ஹூக்கர், 5000 அடிக்கு மேற்பட்ட காடுகளைத் தொடாது விடுமாறு கூறினார். அவ்வாறே தடையும் வந்தது. உச்சிக்காடுகளில் எஞ்சியவற்றுக்கு அத்தடையே துணை. ஆனால் அதற்குள் நடுச்சரிவு பெரும்பாலும் போய்விட்டது. கீழ்ப்படியும் மேற்படியும் எஞ்ச, இடைப்படிகள் கழற்றப்பட்ட ஏணியாயிற்று மலைநாடு.

வெட்டிய கைகள் யாருடையவை? நம்முடையவை. தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து பஞ்சத்தாலும் கடனாலும் துரத்தப்பட்ட மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, வறண்ட காட்டினூடே நடந்து, தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு ஏறினர். வழியில் வாந்திபேதியிலும் பசியிலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். பாலையும் வீரையும் நின்ற காட்டிற் புறப்பட்டு, முகில் படிந்த காட்டில் முடிந்த அந்த நடைபயணத்தில், உயரத்தோடு காடு மாறும் பாடத்தை அவர்களைப்போற் காலாலே கற்றவர் எவருமில்லை. கற்ற மறுநாளே அவர் கையிற் கோடரி கொடுக்கப்பட்டது. காட்டை வெட்டியவன் கூலியாள், வெட்டுவித்தவன் முதலாளி, இலாபம் போன இடம் இலண்டன். இன்று, “தோட்டத்து மக்கள் விறகு பொறுக்கிக் காட்டை அழிக்கிறார்கள்” என்று சுற்றுலா விடுதியின் முகப்பில் அமர்ந்து பேசுவோர் இக்கணக்கை முதலிற் படிக்கட்டும்.

அம்மக்களின் பேரப்பிள்ளைகள் நம் வகுப்பிலே இருக்கின்றனர். 1948 இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கிற்று. 1977 இன் வன்செயல் பல குடும்பங்களை மலையிலிருந்து இறக்கி வன்னிக்குத் துரத்திற்று. பாட்டன் ஏறிய வழியே பேரன் இறங்கினான். வன்னிக்கு மலையோடு உறவில்லை என்று சொல்வோர்க்கு இதற்கு மேலும் சான்று வேண்டுமா?

இப்போது அந்த 29 என்னும் எண்ணுக்கு வருவோம். அது பொய்யெண் அன்று. பொய் சொல்லப் பயன்படும் மெய்யெண். 2010 ஆம் ஆண்டுக் கணிப்பின்படி நாட்டின் காட்டுப் பரப்பில் பாதிக்கு மேற்பட்டது வறள்வலயக் காடு. பதினொரு இலட்சம் ஹெக்டயருக்கும் அதிகம். மலைக்காடும் அதற்குக் கீழ்ப்பட்ட உபமலைக்காடும் சேர்ந்து ஓர் இலட்சம் ஹெக்டயரை எட்டவில்லை. இலங்கையின் பூக்குஞ் செடிகள் மூவாயிரத்துக்கு மேல். அவற்றுள் நான்கில் ஒரு பங்குக்கு மேல் இத்தீவுக்கே உரியவை. அவற்றிற் பெரும்பாலானவை வாழ்வது ஈரவலயத்தின் தாழ்நிலத்திலும் மலைகளிலும். ஆகவே வன்னிக் காட்டின் பரப்பைக் காட்டி மலைக்காட்டின் அழிவை மறைப்பது, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வித்தை. மலையில் ஆயிரம் ஹெக்டயர் போய், சமவெளியில் ஆயிரம் ஹெக்டயர் தேக்கு வந்தால் எண் அசையாது. அதற்குள் எத்தனை இனங்கள் அழிந்தன என்பதைக் காட்டும் நிரல் அந்தப் பேரேட்டில் இல்லை.

நக்கிள்ஸ் மலைத்தொடரிலே நடந்தது இதைவிடக் கொடுமையான எடுத்துக்காட்டு. அங்கே பெருமரங்களின் நிழலிலே ஏலம் பயிரிட்டனர். ஏலத்துக்கு இடம் வேண்டி, கீழே முளைத்த காட்டு மரக்கன்றுகளை ஆண்டுதோறும் களைந்தனர். மேலே முடி பச்சையாகவே இருந்தது. வரைபடத்திற் காடு குறையவில்லை. ஆனால் கிழமரம் சாயும் நாளில் அதன் இடத்தை நிரப்ப இளமரம் இல்லை. வீட்டிலே முதியவர் இருக்க, தொட்டில்கள் யாவும் வெறுமையாய்க் கிடந்த நிலை அது. பச்சையை எண்ணுவோர்க்கு அவ்வெறுமை தெரிவதில்லை.

இந்த எண்ணால் வன்னிக்கு வரும் கேடு யாது? நிலப்பரப்பிற் பாதிக்கு மேல் காடாக உள்ள மாவட்டங்களுள் முல்லைத்தீவும் ஒன்று. எண்ணை உயர்த்த வேண்டுமானால் பரப்பு வேண்டும். பரப்பு மலிவாகக் கிடைப்பது எளியவன் வாழும் இடத்தில். போரினால் இடம்பெயர்ந்து 2009 க்குப் பின் மீண்டுவந்த மக்களிற் பலர், பற்றை மண்டிய தம் மேட்டுநிலமும் வயலும் வரைபடத்திற் காடாகக் குறிக்கப்பட்டிருக்கக் கண்டனர். முப்பதாண்டுப் பற்றையும் முந்நூறாண்டுக் காடும் ஒரே பச்சை மையால் தீட்டப்படுகின்றன. மலையிலே பெருந்தோட்டத்துக்கும் விடுதிக்கும் போன காட்டின் கடனை, ஒரு ஏக்கர் நிலத்தை நம்பி வாழும் வன்னி உழவன் அடைக்க வேண்டுமாம்! என்ன நீதி இது?

நம்மைத் தவறாக விளங்கிக்கொள்ள வேண்டா. வன்னிக் காட்டை வெட்டலாம் என்று நாம் கூறவில்லை. முதிரையும் கருங்காலியும் யாவறணையும் பனிச்சையும் நின்ற காட்டிலே மரத்திருடர் லொறி ஓட்டுவதை நாம் அறிவோம்; அதனையும் எதிர்க்கிறோம். சிங்கராஜ வனத்தை நோக்க இங்கே இனங்கள் குறைவு. ஆனால் ஏழெட்டு மாத வறட்சியைத் தாங்கி நிற்கும் ஆற்றல் இம்மரங்களுக்கே உண்டு. மலைக்காட்டை வன்னியில் நட முடியாது. வன்னிக் காட்டை மலையில் நட முடியாது. ஒன்றுக்கு ஒன்று ஈடாகாது என்பதே நம் வாதம். அவ்வாறு ஈடாக்கும் கணக்கு இரண்டையும் கெடுக்கும்.

இக்கேள்வியை ஒத்திப்போட முடியாத காலம் வந்துவிட்டது. கைத்தொழிற் புரட்சிக்கு முற்பட்ட காலத்தைவிட உலகின் சராசரி வெப்பம் ஏற்கெனவே ஒரு பாகைக்கு மேல் உயர்ந்துவிட்டது. ஒரு பாகை என்பது மலையிலே ஏறத்தாழ 150 மீற்றர். பழகிய குளிரைத் தேடும் செடி அவ்வளவு மேலே ஏறியாக வேண்டும். 2012 இல் சிம்பொராசோவுக்கு மீண்டும் சென்ற ஆய்வாளர், ஹம்போல்ட் காலத்தைவிடச் செடிகள் மேலேறியிருப்பதைக் கண்டனர். செடி நடக்காது, விதை நடக்கும். பறவையும் காற்றும் சுமந்து செல்ல, தலைமுறை தலைமுறையாக அது ஏறும். ஆனால் நம் மலையிலே கீழ்க்காட்டுக்கும் மேற்காட்டுக்கும் இடையே மைல்கணக்கில் தேயிலை. படியில்லாத ஏணியில் எப்படி ஏறுவது? உச்சியிலே உள்ள செடிக்கோ ஏற இடமே இல்லை. பீதுருதாலகால மலையின் உயரம் 2524 மீற்றர். அதற்கு மேல் இலங்கையில் நிலம் கிடையாது. ரிட்டிகல உச்சியின் செடிக்கு 766 மீற்றருக்கு மேல் வெறும் வானம். ஹோர்ட்டன் சமவெளியைச் சூழ்ந்த காட்டில் மரங்கள் நுனியிலிருந்து பட்டுப்போவது பல பத்தாண்டுகளாகவே ஆய்வாளரைக் கலங்கச் செய்து வருகிறது. பட்டமரத்தையும் பரப்பிற் சேர்த்து எண்ணி 29 என்று மகிழ்வோமா?

நம் அணியிலேயே சிலர் முகஞ் சுளிப்பர். “மனிதன் பசித்திருக்கும்போது செடிக்காக ஏன் இந்த அழுகை? இது வயிறு நிறைந்தோர் பொழுதுபோக்கு” என்பர். அவர்க்கு நம் விடை இது: மலைக்காட்டை அழித்து ஏழையின் பசி எப்போதாவது தீர்ந்ததுண்டா? கோப்பிக் காலத்திலே காடு போயிற்று, கூலியாள் பசித்தான். தேயிலைக் காலத்திலே எஞ்சியதும் போயிற்று. அவன் பேத்தி இன்றும் லயத்திலே இருக்கிறாள். காடும் உழைப்பாளியும் ஒரே கையாற் சுரண்டப்பட்டனர். ஒருவரை மறந்து மற்றவரை விடுவிக்க முனைவது அரைகுறை முற்போக்கு. வேறு சிலர், “மலைக்காடு இல்லையேல் நமக்குத் தண்ணீர் இல்லை” என்று மேடையில் அச்சுறுத்துவர். அதுவும் நமக்குப் பொருந்தாது. மகாவலியும் களனியும் வளவையும் அம்மலையில் ஊற்றெடுக்கின்றன. ஆயின் இரணைமடுவை நிரப்பும் கனகராயன் ஆறு வன்னியிலேயே பிறந்து வன்னியிலேயே முடிகிறது. நம் குளம் நிரம்புகிறதா என்று பார்த்துத்தான் மலைக்காட்டைக் காப்போம் என்றால், நாமும் துரைமாரின் கணக்கையே வேறு மொழியிற் பேசுகிறோம்.

மற்றொரு சாரார் பழம்பெருமைக்காரர். “ஐந்திணை வகுத்த தமிழனுக்கு ஹம்போல்ட் எதற்கு?” என்று மார்தட்டுவர். தமிழைப் படித்துப் பட்டம் பெற்றவர் என்ற முறையில் இவர்களுக்கே நாம் சற்று உரக்கப் பதில் கூறக் கடமைப்பட்டுள்ளோம். நிலத்தை மன்னன் பெயராலன்றிப் பூவின் பெயரால் அழைத்த மரபு உலகுக்கே வியப்பானதுதான். குறிஞ்சிப்பாட்டிலே கபிலர் 99 பூக்களை அடுக்கினார். அவர் கண்ணால் கண்டவர். நாமோ அவற்றைத் தேர்வுக்காக மனப்பாடஞ் செய்விக்கிறோம். நம் மாணவர் குறிஞ்சியின் கருப்பொருளை ஒரே மூச்சில் ஒப்புவிப்பர். குறிஞ்சிச் செடி எந்த உயரத்தில் வாழும் என்று கேட்டால் விழிப்பர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? நீலகிரிக் குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை பூப்பது. 2006 இலும் 2018 இலும் பூத்தது. அதன் உறவுச் செடிகள் இலங்கை மலைகளிலும் உள்ளன. சிங்களவர் நெலு என்பர். 2013 இல் ஹோர்ட்டன் சமவெளியில் அவை கூட்டமாய்ப் பூத்துக் குலுங்கின. அவையும் குறிஞ்சியே என்று எந்தத் தமிழ்ப் பாடத்தில் சொல்லிக் கொடுத்தோம்? கபிலருக்கு உண்மையான மரியாதை செய்ய விரும்புவோர் மாணவரை வேலியோரத்துக்கு அழைத்துச் சென்று பத்துச் செடியின் பெயரைக் கேட்கட்டும். முதலில் தமக்குத் தெரியுமா என்றும் பார்த்துக்கொள்ளட்டும். நமக்கு ஆறுதான் தெரிந்தது. எஞ்சிய நான்கையும் அந்தச் சுற்றுலா மாணவனே சொல்லித்தந்தான்.

ஆகவே நாம் கேட்பவை எளியவை. காட்டைப் பரப்பால் மட்டும் எண்ணாது, எந்த உயரத்தில், எவ்வகைக் காடு, எத்தனை இனம் என்று பிரித்து எண்ணி மக்கள் முன் வைக்க வேண்டும். பைனஸையும் யூக்கலிப்டஸையும் தேக்கையும் காடென்ற பெயரால் அழைக்கலாகாது. பைனஸ் தோப்பைத் திருத்தவும் வழி உண்டு: சிங்கராஜ வனத்து எல்லையிலே சில வரிசைப் பைனஸை நீக்கி, அவ்விடத்தில் உள்நாட்டு மரக்கன்றுகளை நட்டபோது அவை தழைத்தன என்று ஆய்வு காட்டியிருக்கிறது. தேயிலை விளையாத செங்குத்துச் சரிவுகளையும் ஓடைக் கரைகளையும் பெருந்தோட்டங்கள் விட்டுக்கொடுத்து, கீழ்க்காட்டையும் மேற்காட்டையும் இணைக்கும் பசும்பாதை அமைக்க வேண்டும். அவ்வேலையைத் தோட்டத் தொழிலாளியே, உரிய ஊதியத்தோடு செய்யட்டும். பாட்டன் கையாற் கழற்றப்பட்ட படிகளைப் பேரன் கையாலேயே மீண்டும் பூட்டலாம். ஆனால் இம்முறை அவன் கூலியாளாக அன்று, அந்நிலத்தில் உரிமையுள்ள குடிமகனாக நிற்க வேண்டும். வன்னியிலோ, பற்றை வேறு காடு வேறு என்று களத்திலே நடந்து பார்த்து, மக்களைக் கேட்டு எல்லையிட வேண்டும்.

அடுத்த மாரியில் நம் ஊரில் மீண்டும் மரநடுகை விழா வரும். தோரணம் கட்டுவர், எண் சொல்லுவர். அன்று நம் மாணவர் கைதட்டுமுன் எழுந்து, “இது என்ன மரம்? எந்த இடத்து மரம்?” என இரண்டு கேள்வி கேட்க வேண்டும் என்று இப்போதே வகுப்பிற் பேசி வைத்திருக்கிறோம். விடை வந்த பிறகு கைதட்டலாம். வராவிட்டால், கன்றை வாங்கி வைத்துவிட்டு, காட்டோரத்துப் பாலைமரத்தின் கீழே முளைத்திருக்கும் கன்றுகளைச் சுற்றி வேலி கட்டப் போவதாகப் பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள். அலம்பல் வெட்டுவதற்குக் கத்தி கொண்டுவரும் பொறுப்பை அந்தச் சுற்றுலா மாணவன் ஏற்றிருக்கிறான்.